என் அக்கா போலி என்று நான் அறிவித்த நாள்

எல்லாவற்றையும் நம்புகிறவர்களை ஏமாற்ற வெளியிலிருந்து ஓர் ஆள் வர வேண்டும். எதையும் நம்பாதவர்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது, நாங்களே பார்த்துக்கொள்வோம்.

நான் படித்தது கணினிப் பொறியியல். பார்ப்பது மென்பொருள் சோதனை. அதாவது, யாரோ செய்து முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருக்கும் பொருளை வாங்கி, அதில் எங்கே ஓட்டை என்று தேடுவது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். (எங்கள் அம்மா இதை உறவினர்களிடம், "கம்ப்யூட்டருக்குக் கொற சொல்ற வேல" என்று விளக்குவார். நான்கு வருடப் படிப்பை இதைவிடச் சரியாகச் சுருக்க முடியாது.) அலுவலகம் சென்னையில். ஆனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று விட்டுவிட்டதால், மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். வேலை நேரம் முடிந்ததும் கீழே இறங்கி வந்து சம்பளமில்லாமல் அதையே தொடர்வேன்.

எங்கள் வீட்டில் யார் எதை நம்புவார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அப்பா, டிவியில் சத்தமாகச் சொல்லப்படுவதை நம்புவார். அம்மா, யூடியூபில் சாந்தமான முகத்தோடு சொல்லப்படுவதை நம்புவார். தம்பி தினேஷ் கள்ளக்குறிச்சியில் கல்லூரிக் கடைசி வருடம். உலகச் செய்தி முழுவதும் அவனுக்கு ரீல்ஸ் வழியாகத்தான் வந்து சேரும். அரை நிமிடத்தைத் தாண்டினால் அவன் கணக்கில் அது டாக்குமெண்டரி. அக்கா கவிதா கல்யாணமாகிப் போனவள், ஸ்டேட்டஸ் பிரியை. காலையில் கோலம், மத்தியானம் குழம்பு, சாயங்காலம் சொந்தக் குரலில் ஒரு பாட்டு. அவற்றை யார் யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதை வைத்து அவள் உறவுகளை நிர்வகித்துவந்தாள்.

நான் எதையும் நம்ப மாட்டேன். ஆகவே எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கு என்னை நானே பரிசோதகராக நியமித்துக்கொண்டேன்.

கரும்புத் தோட்டத்தில் சிறுத்தை என்று வந்த வீடியோ, வேறு மாநிலத்துச் சிறுத்தை என்று கண்டுபிடித்தேன். இலவச ஸ்கூட்டர் தரும் இணைப்பை அழிக்கவைத்தேன். பெரியப்பா அனுப்பிய ஒரு சாமி படத்தில் சாமிக்கு ஒரு விரல் கூடுதலாக இருப்பதை வட்டம் போட்டுக் காட்டினேன். "நித்யா இருக்கற குரூப்புல குட்மார்னிங் போடவே பயமா கீதுப்பா" என்று பெரியப்பா அப்பாவிடம் முறையிட்டார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

போதாதென்று, மோசடியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு பட்டியலும் போட்டுக் குழுவில் ஒட்டியிருந்தேன்.

ஒன்று, தெரியாத எண். இரண்டு, அவசரம். மூன்று, உங்கள் போனுக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்பது. நான்கு, சம்பந்தப்பட்டவரின் பழைய எண்ணில் பேச முடியாத நிலை. ஐந்து, குரலில் கண்ணீர்.

இவற்றில் மூன்று இருந்தால் மோசடி. ஐந்தும் இருந்தால் போலீஸ்.

இந்தப் பாடத்தை மற்றவர்கள் கட்டைவிரல் போட்டுவிட்டுக் கடந்துபோனார்கள். கவிதா மட்டும் சந்தேகம் கேட்டுக் கேட்டுப் படித்தாள். அவளைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கவிதாவைக் கொடுத்த ஊர், கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் தாண்டி, கல்வராயன் மலைக்கு ரோடு ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே செல்போன் சிக்னல் என்பது விருந்தாளி மாதிரி. வரும், உட்காராது. ஊர்க்கோடியில் ஒரு மேடு உண்டு. அதன்மேல் ஏறி நின்றால் பேசலாம், ஸ்டேட்டஸ் போடலாம். திரும்பி நின்றால் பேச முடியாது.

அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு முருகன் மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஒரு பஞ்சாங்கச் செயலியில் பார்த்து ஞாயிற்றுக்கிழமை என்று குறித்து, அந்தத் திரையைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார். அம்மா, "எதுக்கும் நம்ம நாள் காலண்டர்லயும் ஒருக்கா பாத்துடலாமா" என்றார். "அதுல நிமிஷக் கணக்கோட போட்டிருக்காங்கம்மா" என்று நான் மறுத்துவிட்டேன். எதையும் நம்பாத நான் அதை நம்பியதற்குக் காரணம், அது மென்பொருள். எங்கோ என்னைப் போல ஒருத்தி சோதித்துத்தான் வெளியே விட்டிருப்பாள் என்ற தொழில் பாசம்.

வளைகாப்பு என்றால் பிறந்த வீட்டுக்காரர்கள் கலவை சாதங்கள் செய்து எடுத்துக்கொண்டு, வளையல், பூ, பழத்தோடு போக வேண்டும். சடங்கு முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வர வேண்டும். கவிதாவின் புகுந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் வளையலைப் பிறந்த வீட்டுப் பெண் ஒருத்தி போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். அந்தப் பெண் நான்தான். எந்தக் கைக்கு எந்த நிறம் என்று நான் ஏற்கெனவே பட்டியல் போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. தெரியாத எண். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மலை மகாராணி' என்றிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேனடை. அம்மா தட்டினார்.

"ம்மா, நான் கவிதா. என் போனு தண்ணித் தொட்டில வுயுந்து செத்துப்போச்சு. இது பக்கத்து வூட்டுப் பொண்ணு போனு. ஞாயித்துக்கெழம கரிநாளாம்மா. இப்பத்தான் அத்த காலண்டர்ல பாத்தாங்க. அதனால நாளைக்கே வளைகாப்பு வச்சிட்டாங்க. ராவு காலத்துக்கு முன்னாடி முடிக்கணும், காலைலயே வந்துடுங்க. அப்புறம் தினேஷ் போனுக்கு ஆறு நம்பரு வரும், அத இதுக்கு அனுப்பச் சொல்லு. சீக்கிரம்மா, இங்க சிக்னல் நிக்காது."

நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படித்துவைத்த கேள்வியே பரீட்சையில் வந்துவிட்ட மாணவிக்கு வருகிற பூரிப்பு எனக்கு வந்தது. தெரியாத எண், அவசரம், ரகசிய எண், பழைய எண் வேலை செய்யாது. கண்ணீர் மட்டும்தான் பாக்கி.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றேன்.

"இன்னாடி தொடாத? கவிதா கொரலு அது. சாதத்துக்குப் புளி ஊற வைக்கணும்" என்று அம்மா எழுந்தார்.

"கொரலு அக்காவுதுதாம்மா. பேசறது அக்கா இல்ல. அவ தெனம் ஸ்டேட்டஸ்ல பாட்டுப் பாடறாளே, அத எடுத்து ஏஐல போட்டா எதை வேணாலும் பேச வைக்கலாம்."

அப்பா டிவியின் சத்தத்தை நிறுத்தினார். எங்கள் வீட்டில் அது சாவுச் செய்திக்கு மட்டும் நடப்பது. "ஆமா, போன வாரம் டிவில காட்னான்" என்றார். "பெத்த புள்ள கொரல்லயே பேசி ஏமாத்தறானுங்களாம். நித்யா சொல்றது கரெக்டு."

"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று அம்மா கேட்டார்.

"டிவில ஏமாந்ததும் பெத்தவ தான்" என்றார் அப்பா.

முருகன் மாமாவுக்குக் கூப்பிட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே. (அவர் மலைமேல் இருக்கும் சொந்தக்காரர்களை அழைக்கப் போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.) கவிதாவின் எண் அணைந்திருந்தது. சாதாரண மனிதர்கள் இதிலிருந்து, அவள் போன் தண்ணீரில் விழுந்தது உண்மை என்ற முடிவுக்கு வருவார்கள். நான், இரண்டு பேரும் கிடைக்காத நேரமாகப் பார்த்து அடிக்கிறார்கள், திட்டமிட்ட கும்பல் என்ற முடிவுக்கு வந்தேன். அதே சமயம் தினேஷின் போன் முனகியது. ஆறு இலக்கங்கள் வந்திருந்தன.

"சொன்னாங்க, வந்துடுச்சு" என்றான் அவன்.

"போன ஆஃப் பண்ணு" என்றேன்.

பிறகு அம்மாவின் போனிலிருந்து அந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். சோதனை என்றால் முறையாகச் செய்ய வேண்டும்.

"அலோ, ம்மா, கெளம்ப..."

"நான் நித்யா பேசறேன். நீங்க யாரு?"

"இன்னாது, நீங்களா? ஏய், நான் கவிதாடி."

"அத நீங்க தான் நிரூபிக்கணும். எங்க வூட்டு வைஃபை பாஸ்வேர்ட் இன்னா?"

"வாரத்துக்கு ஒருக்கா மாத்திக்கினே இருப்ப, எனக்கு எப்டி தெரியும்?"

(உண்மை. தவறான விடை என்று குறித்துக்கொண்டேன்.)

"சரி. கவிதா கல்யாணத்துக்கு நித்யா இன்னா குடுத்தா?"

"நீ இன்னா குடுத்த? ஒண்ணும் குடுக்கல. சம்பளம் வாங்கிக்கினு வெறுங்கைய வீசிக்கினு வந்த."

நான் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தேன். கொடுத்திருந்தேன். நல்ல தொகைக்கு ஆன்லைன் பரிசு அட்டை. உண்மையான கவிதாவுக்கு அது தெரிந்திருக்கும்.

"எதுக்கு அந்த ஆறு நம்பரு?"

"என் போன்ல இருந்த நம்பருங்க எல்லாம் என் மெயில் கணக்குல தாண்டி இருக்குது. தினேஷ் தான அவன் நம்பரப் போட்டு செஞ்சி குடுத்தான். மனசுல நிக்கறது எனக்கு அம்மா நம்பரு ஒண்ணுதான். அது வந்தா தான் சித்தி, பெரிம்மா எல்லாருக்கும் சொல்ல முடியும்."

ஓட்டையே இல்லாத விளக்கம். என் அனுபவத்தில், ஓட்டையே இல்லாத பொருளைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

"நல்லா தயார் பண்ணி இருக்கீங்க" என்றேன்.

"நித்யா, வெளயாடாத. ஏழு மாச வயித்த வச்சிக்கினு மேட்டு மேல ஏறி நிக்கறேன். காலு நோவுது..." குரல் உடைந்தது.

கண்ணீர். ஐந்தாவது.

"இந்த அழைப்பு பதிவாகுது" என்று சொல்லித் துண்டித்தேன். பதிவாகவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் கும்பல் பயப்படும் என்று எங்கோ படித்திருந்தேன். (எங்கே படித்தேன் என்று சரிபார்க்கவில்லை.)

அதோடு விட்டிருந்தால் இது எங்கள் வீட்டுக்குள் முடிந்திருக்கும். நான் பொறுப்புள்ள குடிமகளாக நடந்துகொண்டேன். உறவினர் குழுவில் எச்சரிக்கை போட்டேன்: கவிதா குரலில் மோசடி, இந்த எண்ணை யாரும் எடுக்காதீர்கள், புகார் செய்யுங்கள், வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமைதான், மாற்றமில்லை. தினேஷ் தன் கல்லூரிப் பையன்கள் அத்தனை பேரையும் அந்த எண்ணின்மீது புகார் செய்யவைத்தான். அவர்கள் யார், என்ன என்று கேட்கவே இல்லை. புகார் செய் என்றால் செய்கிற பிள்ளைகள்.

அவர்களில் ஒருவன் கள்ளக்குறிச்சிச் செய்திகள் போடும் ஒரு இன்ஸ்டா பக்கம் வைத்திருந்தான். "அக்கா, ஒரே ஒரு பைட் குடுங்க்கா" என்றான். நான் தலை வாரிக்கொண்டு, புத்தக அலமாரிக்கு முன்னால் நின்று, வீடியோவில் மிக நிதானமாகப் பேசினேன். "உணர்ச்சிவசப்படாமல் யோசித்தால் எந்த மோசடியையும் கண்டுபிடித்துவிடலாம்" என்பது அதில் என் கடைசி வாக்கியம். மேலே சிவப்புப் பட்டையில் 'கர்ப்பிணி குரலில் பலே மோசடி, கண்டுபிடித்த பொறியாளர்' என்று போட்டார்கள். படுக்கப் போவதற்குள் தினேஷின் வாழ்நாள் ரீல்ஸ் அனைத்தையும் சேர்த்தாலும் வராத பார்வைகள் அதற்கு வந்திருந்தன.

அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. "எதுக்கும் காலைல ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாமே. பொய்யின்னா பொண்ணப் பாத்தா மாதிரி ஆச்சு."

"அதுக்குத்தாம்மா இந்த வேல. வூட்டக் காலி பண்ண வைக்கறது" என்றேன்.

அப்பா எழுந்துபோய்ப் பின்கதவுக்கு இன்னொரு பூட்டும் போட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் யாரும் எங்கேயும் போகவில்லை. நான் மாடியில் வேலையைத் தொடங்கினேன். சித்தி, பெரியம்மா எல்லோரும் குழுவில் கைகூப்பியிருந்தார்கள். பெரியப்பா, "நித்யா இல்லைன்னா நம்ம கதி இன்னா" என்று எழுதியிருந்தார். நான் அதை இரண்டு முறை படித்தேன்.

பத்து மணி வாக்கில் தினேஷ் போனை நீட்டிக்கொண்டு மாடியேறி வந்தான். முருகன் மாமாவின் சித்தப்பா பையன் வைத்திருந்த ஸ்டேட்டஸ். கவிதா பட்டுப்புடவையில், மாலை போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தாம்பாளங்கள். கீழே, 'பிறந்த வீட்டுக்கு வெயிட்டிங்' என்று எழுதி ஒரு கடிகாரப் பொம்மை.

"ஏஐ" என்றேன்.

"இன்னாக்கா சொல்ற? பின்னால ஆடு கட்டியிருக்குது. வளைகாப்புப் படம் செய்யறவன் ஆட்டையுமா செய்வான்?"

"நல்லா செய்யறவன் ஆட்டையும் செய்வான்." நான் படத்தைப் பெரிதாக்கி அக்காவின் விரல்களை எண்ணத் தொடங்கினேன். அவள் கைகளை மடியில் கோத்து வைத்திருந்ததால் எண்ண வரவில்லை. அதுவும் சந்தேகத்துக்கு இடமளித்தது.

கீழே அம்மா சுவரிலிருந்த நாள் காலண்டரின் தாள்களைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழிக்கவில்லை, தூக்கி மட்டும் பிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தாளின் அடியில் 'கரிநாள்' என்று அச்சடித்திருந்தது. அதற்குள் தினேஷின் போனில் அடுத்த ஸ்டேட்டஸ் ஓடத் தொடங்கியது. இது வீடியோ. கவிதா கேமராவை நேராகப் பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் சந்தனம். கைகளில் வளையல். சடங்கு முடிந்திருந்தது.

"நித்யா, இதையும் பொய்யின்னு சொன்னின்னு வையி, வயித்துல இருக்கறது வெளிய வந்து நடக்கக் கத்துக்கினதும் மொத வேலையா ஒன்ன எட்டி ஒதைக்கச் சொல்றேன். பரதேசி. கண்ணாடி போட்ட பரதேசி."

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "இது கவிதா தான்" என்றார். கீழே போய் டிவியை முழுவதுமாக அணைத்தார்.

வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினோம். அம்மா என்னோடு பேசவில்லை. எதிரில் வந்த கரும்பு டிராக்டர்களோடு பேசினார். "பொண்ணு ஒக்காந்துகினு இருந்திருக்குது. வாசல பாத்துக்கினு ஒக்காந்துகினு இருந்திருக்குது."

சாதம் செய்திருக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஓர் ஓட்டல் முன்னால் காரை நிறுத்தி, என்னென்ன சாதம் இருக்கிறது என்று கேட்டோம். தயிர் சாதம் இருந்தது, தக்காளி சாதம் இருந்தது, பிறகு எங்கள் குலத்திலேயே முதல் முறையாக வளைகாப்புச் சீரில் வெஜிடபிள் பிரியாணி இடம்பெற்றது. கச்சிராயபாளையம் போய்ச் சேருவதற்குள் அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்து, வீட்டிலிருந்து எடுத்துவந்த எவர்சில்வர் தூக்குகளில் மாற்றி, மேலே கொத்துமல்லி தூவி, வீட்டுச் சமையலாக்கிவிட்டார். அன்றைக்கு நான் பார்த்த ஒரே போலி அதுதான். அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கவிதாவின் மாமியார் வாசலுக்கு வந்து அப்பாவைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"வாங்க சம்பந்தி. வந்தது நீங்க தானா, இல்ல கம்ப்யூட்டர்ல செஞ்சி அனுப்பிச்சிருக்காங்களா?"

அப்பா தூக்கை நீட்டினார். மாமியார் மூடியைத் திறந்தார். மேலே தூவிய கொத்துமல்லிக்குப் பக்கத்தில் பிரியாணியின் ஏலக்காய் எட்டிப் பார்த்தது. "இது மட்டும் ஒரிஜினலு. ஓட்டல் பேரு கூடச் சொல்லுவேன்" என்று மூடினார்.

நான் வளையல் தட்டோடு உள்ளே போனேன். கவிதா அதே நாற்காலியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க யாரு?"

"அக்கா..."

"எங்க தங்கச்சி மாதிரி தான் இருக்கறீங்க. ஒரு கேள்வி கேக்கறேன். நித்யா என் கல்யாணத்துக்கு இன்னா குடுத்தா?"

கூடம் முழுக்கப் பெண்கள். எல்லோரும் என் பேட்டியைப் பார்த்திருந்தார்கள் என்று அவர்கள் முகங்களில் தெரிந்தது.

"ஆன்லைன் கிஃப்ட் கார்டுக்கா. லிங்க் அனுப்பினேனே."

"எப்ப அனுப்பின? 'உங்களுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது, இங்கே தொடவும்'னு ஒண்ணு வந்துதே, அதுவா?"

"அதான்."

"பரிசுன்னு லிங்க் வந்தா தொடாதனு நீ தாண்டி சொன்ன. நான் அன்னிக்கே அழிச்சிட்டேன். நாலு பேருக்கு சாக்கிரதனு வேற சொன்னேன்."

கூடம் சிரித்தது. மாமியார் சிரித்ததில் கொண்டை அவிழ்ந்தது. நானும் சிரிக்க முயன்றேன். கவிதா சிரிக்கவில்லை.

"பாஸ்வேர்டு தெரியாது, சரி. என் கொரலு கூடவா ஒனக்குத் தெரில?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நான் மேட்டுல நின்னுக்கினு இன்னா நெனச்சேன் தெரியுமா? நம்பரு இல்லன்னா போவுது, கொரலு கேட்டா வந்துடுவாங்கன்னு நெனச்சேன்."

நான் தட்டிலிருந்த வளையல்களை நிறவாரியாக அடுக்கினேன்.

"வாசல பாத்துக்கினே ஒக்காந்திருந்தேன். ராவு காலம் வரப்போவுதுன்னு அத்த சொல்றாங்க. பொறந்த வூட்டுல யாரும் இல்ல, மொத வளையல யாரு போடறதுன்னு ஆளுக்கு ஆள் பாத்துக்கினு நிக்கறாங்க. அப்பத்தான் மலரு வந்தா. நான் தங்கச்சியா நின்னு போடறேங்கன்னா. அவளே போட்டுட்டா."

மலர் சுவரோரமாக நின்றிருந்தாள். பக்கத்து வீட்டு மலைக்காரக் குடும்பத்துப் பெண், நர்சிங் படிக்கிறவள். கையில் ஒரு போன். நேற்று நான் விசாரித்த போன்.

"மலை மகாராணி..." என்றேன்.

"எங்க அப்பா கூப்புடற பேருங்க" என்றாள். மலைத் தேனும் சாமையும் அந்த எண்ணில்தான் அவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். தேனடைப் படத்தின் காரணம் அதுதான். "காலைல இருந்து வாட்ஸ்அப்பு தொறக்கலங்க. புகாரு ஜாஸ்தியா வந்திருக்குது, நிறுத்தி வச்சிருக்கோம்னு வருது."

"நான் சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"பரவால்லைங்க. ஒங்க பேட்டி பாத்தேன். நல்லாப் பேசினீங்க. கொஞ்ச நேரம் நானே நம்பிட்டேன், நம்ம போனு திருட்டுப் போனு தானோன்னு."

அவள் அதைக் கிண்டலாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

கவிதா புடவைக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, முழங்கைப் பக்கமாக இருந்தது ஒரு பச்சை வளையல், மலர் போட்டது. அதற்குக் கீழே ஊரார் போட்டவை. என் பட்டியல்படி வாங்கிய வளையல்களை நான் கடைசியில் போட்டேன். மணிக்கட்டு வரை நிறைந்துவிட்டதால் பாதிதான் ஏறின.

சாயங்காலம் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். "கூட்டிக்கினு போறவங்க ஆதார் காட்டிட்டுப் போங்க" என்றார் மாமியார். அப்பா நிஜமாகவே சட்டைப்பையில் கை விட்டார். காரில் கவிதா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அணைக்கட்டு வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்தாள். நான் கள்ளக்குறிச்சி வரை தோளை அசைக்கவில்லை.

அந்த எண்ணை மீட்க நான் எழுதிய முறையீடுகளை வரிசையாக அடுக்கினால் ஒரு சிறு புத்தகம் வரும். இதில் மோசடி எதுவும் இல்லை, தவறு செய்தது நான்தான் என்று நான் எழுத எழுத, மோசடிக்காரர்கள் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. கடைசியில் எண் திரும்பக் கிடைத்தது. குழுவில் மறுப்பும் போட்டேன். அதை ஏற்கெனவே சிரித்து முடித்தவர்கள்தான் படித்தார்கள். பேட்டி வீடியோ மட்டும் நிற்கவில்லை. எங்கள் மாவட்டத்தைத் தாண்டி, பெயர் தெரியாத பக்கங்களுக்கெல்லாம் போனது. சில மாதங்களுக்கு ஒரு முறை யாராவது அலுவலகத் தோழி, "நித்யா, இந்தப் பொண்ணு உன்னை மாதிரியே இருக்கா, ஏஐயா?" என்று அனுப்புகிறாள். ஆமாம் என்று பதில் போட்டுவிடுகிறேன்.

கவிதாவுக்குப் பெண் பிறந்தது. இப்போது ஓடுகிறாள், பேசுகிறாள். (தன் அம்மா சொன்னதை நிறைவேற்றி என்னை ஒருமுறை எட்டி உதைத்தும்விட்டாள்.) அந்த வீட்டில் சித்தி என்றால் மலர்தான். முதல் வளையல் போட்டவள்தான் சித்தி என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார், மேல்முறையீடு இல்லை. மலர் வீடியோவில் வந்தால் குழந்தை "சித்தி" என்று போனைக் கட்டிக்கொள்கிறது. நான் யார் என்று அது கேட்டபோது, என் அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், "அதுவா, அது டூப்ளிகேட் சித்தி" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவ்வளவு நீளம் வாயில் நுழையாததால் குழந்தை அதை 'டூப்பி' என்று சுருக்கிக்கொண்டது.

போன வாரம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் மாடியில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன், கேமரா திறந்திருந்தது. குழந்தை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, என் மடியில் ஏறி, திரையிலிருந்த அத்தனை பேருக்கும் என்னைச் சுட்டிக்காட்டி, "டூப்பி" என்றது. அப்படியென்றால் என்ன என்று என் மேலாளர் கேட்டார்.

வீட்டில் கூப்பிடுகிற பெயர் என்றேன். அது மட்டும், யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம், உண்மை.